பரிசு கிடைத்தது, பாதை முடியவில்லை!
எடின்பரோ மாணவர் குழுவின் அனுபவம் சொல்லும் பாடங்கள்

பல்கலைக்கழக மாணவர்களுக்கான படைப்புப் போட்டி என்றதும் நம் பிள்ளைகள் முதலில் எதைத் தேடுகிறார்கள்? பெரும்பாலும் கணினியைத்தான். எந்த எழுத்துரு அழகாக இருக்கும், எந்தப் படத்தைப் பின்னணியில் போடலாம், யார் முதலில் பேசுவது, என்ன நிறத்தில் சட்டை அணிவது என்று வாரக்கணக்கில் பேசுகிறார்கள். 'நாம் என்ன சொல்லப் போகிறோம்? யாருக்காகச் சொல்லப் போகிறோம்?' என்ற கேள்வி கடைசி இரவில்தான் வருகிறது. சில குழுக்களுக்கு அப்போதும் வருவதில்லை!

மேடையில் நன்றாகப் பேசினால் போதும், பரிசு தானாக வரும் என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் இருக்கிறது. பேச்சுத் திறன் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பேச்சுக்கு முன்னும் ஒரு வேலை இருக்கிறது, பேச்சுக்குப் பின்னும் ஒரு வேலை இருக்கிறது. இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் அனுபவம் ஒன்று 2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் குழுவுக்குக் கிடைத்தது. அறிவியல் மாணவர்களின் கதைதான் இது. ஆனாலும் வணிகம், சட்டம், மொழி, ஊடகம் என எந்தத் துறையில் பயில்பவருக்கும் இதில் பாடம் உண்டு.

என்ன போட்டி அது?

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒரு குறுகிய காலப் பாடமாகத் தொடங்கியது அது. உயிரணுக்களை, குறிப்பாக பாக்டீரியாக்களை, ஓர் இயந்திரத்தைப் போல வடிவமைக்க முடியுமா என்று மாணவர்கள் முயன்று பார்த்தார்கள். மறு ஆண்டு ஐந்து பல்கலைக்கழகங்கள் கலந்துகொண்ட போட்டியாக அது மாறியது. 'ஐஜெம்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் போட்டியில் 2006இல் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்கள் பங்கேற்றன. இன்று உலகின் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான குழுக்கள் கலந்துகொள்கின்றன.

2006இல் போட்டியின் நடைமுறை எளிமையாக இருந்தது. ஆனால் கடினமாகவும் இருந்தது! மரபணுத் துண்டுகள் சில, குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளைப் போல ஒன்றோடு ஒன்று பொருந்தும் வகையில் தயாரிக்கப்பட்டு மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. கோடை விடுமுறை முழுவதும் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, அவற்றைக் கொண்டு ஏதாவது ஒரு பயனுள்ள உயிரணுவை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. பிறகு ஆண்டிறுதியில் எல்லாரும் ஒரே இடத்தில் கூடினார்கள். அங்கே ஒவ்வொரு குழுவும் மேடையேறித் தன் படைப்பை விளக்க வேண்டியிருந்தது. சுவரொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இணையப் பக்கம் ஒன்றையும் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. ஆக, ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

எடின்பரோ குழுவில் உயிரியல் மாணவர்கள் இருந்தார்கள். பொறியியல் மாணவர்கள் இருந்தார்கள். கணினி மாணவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டுப் போட்டியில் நடைமுறை வாழ்க்கைக்குச் சிறந்த பயன்பாடு என்ற பிரிவில் முதற்பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை ஸ்காட்லாந்தில் இல்லை. அது வங்காளதேசத்தின் குழாய்க் கிணறுகளில் இருந்தது.

உயிர் காக்க வந்த கிணறு

1970களில் வங்காளதேசக் கிராம மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து வந்தார்கள். வாந்திபேதியும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதைத் தடுப்பதற்காக யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் ஆதரவோடு நிலத்தில் குழாய் இறக்கி, கையால் அடித்து நீர் எடுக்கும் கிணறுகள் அமைக்கப்பட்டன. நீர் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. கிருமிகளும் இல்லை. மக்கள் மகிழ்ந்தார்கள். வசதி உள்ளவர்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே சொந்தமாகக் கிணறு போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மண்ணுக்கடியில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்திருந்தது. பழைய சித்த மருத்துவ நூல்களில் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லப்படுவது இந்த ஆர்செனிக்கின் ஒரு வடிவம்தான். அது நீரில் கலந்தால் நிறம் மாறாது, மணம் வராது, சுவையும் தெரியாது. குடித்தவுடன் எதுவும் ஆவதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பிறகு தோலில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடாகும். பிறகு தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகரிக்கும். தோலில் புள்ளி விழுந்த பெண்களுக்குத் திருமணம் தடைப்படுவதும் உண்டு. தொற்றுநோய் என்று தவறாக எண்ணி ஒதுக்கி வைப்பவர்களும் உண்டு.

வங்காளதேசக் கிணறுகளில் இந்த நஞ்சு இருப்பது 1993இல்தான் கண்டறியப்பட்டது. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய பன்னிரண்டு கோடி. அவர்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை மதிப்பிட்டது. வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நச்சுப் பாதிப்பு இதுதான் என்றும் அக்கட்டுரை குறிப்பிட்டது.

அடுத்து என்ன செய்தார்கள்? 2000க்கும் 2003க்கும் இடையில் சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. நல்ல நீர் தரும் குழாய்க்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். ஆபத்தான குழாய்க்குச் சிவப்பு வண்ணம். சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாகின! ஆனால் வண்ணம் வெயிலிலும் மழையிலும் மங்கிவிடும். புதிய கிணறுகளும் தோண்டப்பட்டுக்கொண்டே இருந்தன. அவற்றை யார் சோதிப்பது?

கிராமத்திலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய ரசாயனக் கருவிப் பெட்டிகள் இருந்தன. அவை நீரிலுள்ள ஆர்செனிக்கை வாயுவாக மாற்றி, ஒரு தாளில் கறை படியச் செய்யும். அந்த வாயுவே நஞ்சு. தாளில் பூசப்பட்டிருப்பது பாதரசச் சேர்மம். கறையின் நிறத்தைக் கண்ணால் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும் என்பதால் குறைந்த அளவுகளில் தவறு நேர்வதும் உண்டு. துல்லியமாகச் சோதிக்க வேண்டுமானால் நீரை நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழை விவசாயிக்கு அது முடிகிற காரியமா?

எடின்பரோ மாணவர்கள் இந்த இடத்தில்தான் நுழைந்தார்கள்.

பாடம் 1: கிணற்றைப் பார், பிறகு கருவியைத் தேடு

மரபணுப் பொறியியல் என்ற வலிமையான கருவி கையில் இருக்கும்போது, 'இதை வைத்து என்ன வித்தை காட்டலாம்?' என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. எடின்பரோ குழுவின் திட்டத்திலோ மையம் கருவியன்று. குடிக்கிற நீர் நல்ல நீரா என்று தெரியாமல் தவிக்கும் ஒரு குடும்பம்தான் மையம். அதனால்தான் அறிவியல் தெரியாதவர்க்கும் அந்தத் திட்டத்தின் நோக்கம் ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது: 'இந்த நீரைக் குடிக்கலாமா, கூடாதா என்று மலிவாகச் சொல்லும் ஒரு பாக்டீரியா.'

இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற திட்டம்தான் நடுவரின் மனத்தில் தங்கும். அதே ஆண்டு மசாசுசெட்ஸ் குழு வேறொரு வழியில் இதைச் செய்தது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் இ.கோலி பாக்டீரியாவின் துர்நாற்றத்தை மாற்றி, வளரும்போது தைல மணமும் வளர்ந்து முடிந்ததும் வாழைப்பழ மணமும் வீசச் செய்தார்கள். இதுவும் ஒரே வாக்கியம்தான். கேட்டவர் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் சொல்லிச் சிரிக்கலாம்!

நம் மாணவர்கள் இதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளலாம். உங்கள் திட்டத்தை அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அதே வாக்கியத்தை அவர்களைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் திட்டத்தோடு ஒத்துப்போனால் மேடைக்குத் தயாராகலாம். ஒத்துப்போகாவிட்டால் குறை பாட்டியிடம் இல்லை.

பாடம் 2: பதிலை யார் படிக்கப் போகிறார்?

அன்றைய நாளில் பாக்டீரியாவைக் கொண்டு நச்சைக் கண்டறிவதே புதிய யோசனையன்று. ஆர்செனிக் உள்ளே நுழைந்தால் அதை உணர்ந்து விழித்துக்கொள்ளும் ஒரு மரபணுப் பொறி பல பாக்டீரியாக்களில் இயற்கையாகவே உள்ளது. சாதாரண வேளையில் ஒரு புரதம் அந்தப் பொறியைப் பூட்டி வைத்திருக்கும். ஆர்செனிக் வந்ததும் பூட்டு விலகும். அந்தப் பூட்டு விலகும்போது பாக்டீரியா ஒளிரும்படி செய்த ஆய்வாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் அந்த ஒளியை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். கருவி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கிணறோ கிராமத்தில் இருக்கிறது.

எடின்பரோ குழு ஒளியை விட்டுவிட்டுப் புளிப்பைத் தேர்ந்தெடுத்தது. ஆர்செனிக் இருந்தால் பாக்டீரியா பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைத்து அமிலமாக மாற்ற வேண்டும். பால் தயிராகப் புளிப்பதும் ஏறக்குறைய இதே வழியில்தான். நீர் புளித்தால் அதன் பிஎச் அளவு குறையும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லாரும் பார்த்த லிட்மஸ் தாளைப் போன்ற ஒரு மலிவான நிறங்காட்டியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அவர்களின் முழு வடிவமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நச்சில்லாத நீரில் யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கும் பொறி வேலை செய்யும். அப்போது நீர் காரத்தன்மை அடையும். சிறிதளவு நஞ்சு இருந்தால் அந்தப் பொறி நின்று நீர் நடுநிலையில் இருக்கும். ஆபத்தான அளவு இருந்தால் அமிலப் பொறி இயங்கும். சாலைச் சந்திப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் எரிவதைப் போல மூன்று நிலை!

மேடைப் படைப்புக்கும் இதே விதிதான். நாம் தரும் விடையை யார் படிக்கப் போகிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். நடுவர் வரிசையில் பேராசிரியர் ஒருவர், நிறுவன நிர்வாகி ஒருவர், அரசாங்க அதிகாரி ஒருவர் அமர்ந்திருந்தால், பேராசிரியருக்கு மட்டும் விளங்கும் வரைபடம் மற்ற இருவருக்கும் வெறும் கோடுதான். திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரம், அவையஞ்சாமை 73ஆவது அதிகாரம். முதலில் அவையை அறிய வேண்டும், அதன் பிறகுதான் அச்சம் போகும் என்ற வரிசையாகவே இதைக் கொள்ளலாம். நம் மாணவர்கள் பலர் முதல் படியைத் தாண்டிக் குதித்து, அச்சத்தைப் போக்க மட்டும் பயிற்சி எடுக்கிறார்கள்.

பாடம் 3: எண்ணுக்கு உருவம் கொடு

குடிநீரில் ஆர்செனிக் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வங்காளதேசத்தின் தேசிய வரம்பு 50 மைக்ரோகிராம். இதை இப்படியே மேடையில் சொன்னால் எத்தனை பேர் மனத்தில் பதியும்?

ஒலிம்பிக் போட்டி நடக்கும் பெரிய நீச்சல் குளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் சுமார் 25 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அவ்வளவு நீருக்கும் 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் பார்த்தால் மொத்த ஆர்செனிக் வெறும் 25 கிராம்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும்! அதற்கு மேல் போனால் குளம் முழுவதும் குடிக்கத் தகுதியற்றது. இப்படிச் சொன்னால் அந்தப் பாக்டீரியா எவ்வளவு நுட்பமாக உணர வேண்டியிருக்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது.

ஒரு படைப்பில் பத்து எண்களைக் கொட்டுவதைவிட இரண்டு எண்களுக்கு உருவம் கொடுப்பது மேல். எண்ணைச் சொன்ன பிறகு ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். கேட்பவர் அதை மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிற நேரம் அது. அந்த நேரத்தைக் கொடுக்காமல் அடுத்த வாக்கியத்துக்கு ஓடுவதுதான் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு.

பாடம் 4: முடிந்ததையும் முடியாததையும் பிரித்துச் சொல்

மூன்று நிலை விளக்கு போன்ற அந்த அழகான வடிவமைப்பு முழுவதும் ஒரே கோடையில் கட்டி முடிக்கப்பட்டதா? இல்லை. முழு அமைப்பும் எப்படி இயங்கும் என்பதைக் கணினியில் மாதிரியாகச் செய்து காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தது அமிலப் பகுதியை. ஆர்செனிக் சேர்ந்தால் நீர் புளிக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை ஒட்டிய குறைந்த அளவிலேயே அந்த மாற்றத்தைக் காண முடிகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். 2007இல் ஆய்விதழ் ஒன்றில் இந்தப் பணி கட்டுரையாகவும் வெளிவந்தது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சில மாதங்களில் மாணவர்களால் எவ்வளவு முடியும் என்பது நடுவர்களுக்குத் தெரியும். முடியாததை முடிந்ததாகக் காட்டுவதைத்தான் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு சிறு கேள்வி போதும், பூசிய சாயம் வெளுத்துவிடும். 'இது எங்கள் திட்டம், இதுவரை செய்து பார்த்தது, இது இனிமேல் செய்ய வேண்டியது' என்று மூன்றாகப் பிரித்துச் சொல்லும் குழுவிடம் நடுவர் கேட்கும் கேள்வியின் தொனியே மாறிவிடும். குற்றம் காண்பவராக இருந்தவர் ஆலோசனை சொல்பவராக மாறுவார்.

கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது? தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதோடு நின்றுவிடாமல், அதை எப்படிக் கண்டுபிடிப்போம் என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில்தான் மாணவரின் சிந்தனை வெளிப்படுகிறது.

பாடம் 5: பல வாய், ஒரே கதை

உயிரியல், பொறியியல், கணினி என்று வெவ்வேறு துறையினர் ஒரே குழுவில் இருப்பது பலம். ஆனால் மேடையில் அதுவே பலவீனமாகவும் மாறலாம். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியை மட்டும் மனப்பாடம் செய்து ஒப்புவித்தால், கேட்பவருக்கு நான்கு தனித்தனிச் சொற்பொழிவுகளைக் கேட்டது போலிருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதையும் நாம் பார்க்கிறோம்.

இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. ஒத்திகையில் பகுதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். கணினி மாணவர் உயிரியல் பகுதியை விளக்கட்டும். உயிரியல் மாணவி கணினிப் பகுதியை விளக்கட்டும். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் விளக்கம் குறைவாக இருக்கிறது என்று பொருள். சக மாணவருக்கே விளங்காதது நடுவருக்கு விளங்குமா? தவிர, போட்டி நாளில் ஒருவருக்குத் தொண்டை கட்டினாலும் மற்றவர் சமாளிக்கலாம்.

நேரக் கட்டுப்பாடும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற போட்டியைத் தொடங்கியது. பல ஆண்டு முனைவர் பட்ட ஆய்வை ஒரே ஒரு ஸ்லைடை வைத்துக்கொண்டு மூன்றே நிமிடத்தில் சொல்ல வேண்டும். அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக மக்கள் குளியலறையில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். தண்ணீரைப் போலவே சொல்லையும் அளந்து செலவழிக்கலாமே என்று அது போட்டியாக உருவெடுத்தது. இன்று மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் போட்டி நடத்தப்பட்டு வருகிறது. குழுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களும் முதல் ஒத்திகையை மூன்று நிமிடத்தில் செய்து பார்ப்பது நல்லது. எது எலும்பு, எது சதை என்பது அப்போது தெரிந்துவிடும்.

பாடம் 6: மேடையில் இல்லாதவரை மறக்காதே

இதுவரை சொன்னவை பரிசு வரைக்கும் போகும் வழி. இனி வருவதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

பரிசு வாங்கியாகிவிட்டது. பாக்டீரியா வேலை செய்கிறது. அப்படியானால் மறு ஆண்டே வங்காளதேசக் கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்தும் அது கிணற்றடிக்கு வரவில்லை.

காரணம் என்ன? மரபணு மாற்றப்பட்ட உயிரினம் அது. ஆய்வுக்கூடச் சுவர்களுக்குள் இருக்கும் வரை சிக்கல் இல்லை. வெளியே கொண்டு போனால், அது மண்ணிலும் நீரிலும் கலந்துவிடுமோ, மற்ற உயிரினங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் எழுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2001ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே கடுமையான விதிமுறைகள் உள்ளன. நம் மலேசியாவிலும் 2007ஆம் ஆண்டின் உயிரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மரபணு மாற்றப்பட்ட உயிரினத்தைச் சுற்றுச்சூழலில் விடுவதற்குத் தேசிய உயிரிப் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்த விதிகள் வேண்டாதவை என்று சொல்லிவிட முடியாது. குழாய்க் கிணறும் ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடுதான் தோண்டப்பட்டது. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சோதிக்காமல் விட்டதால் வந்த வினையைத்தான் அந்த மக்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

எடின்பரோ விஞ்ஞானிகள் விட்டுவிடவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து பணியைத் தொடர்ந்தார்கள். பாக்டீரியா வெளியே வர முடியாதபடி மூடிய கலத்துக்குள் அதை வைப்பது எப்படி என்ற கேள்விக்கு முக்கியத்துவம் வந்தது. பயன்படுத்தி முடித்த பிறகு அதை என்ன செய்வது? பழுதானால் யார் பொறுப்பு? எந்த அலுவலகத்தின் அனுமதியை முதலில் பெறுவது? இவற்றில் ஒன்றுகூட மரபணுக் கேள்வி இல்லை. ஆனால் பதில் இல்லாமல் திட்டம் நகராது.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒரு தாய் தன் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்துப் பார்க்கிறாள். நிறம் மாறுகிறது. குடிக்கக்கூடாது என்று தெரிந்துவிட்டது. அடுத்து அவள் எங்கே போவாள்? பச்சைக் குழாய் பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்கள் நீர் எடுக்க விடுவார்களா? ஒரு கிலோமீட்டர் நடந்து போய் எடுத்து வர யாருக்கு நேரம் இருக்கிறது? சோதனை ஓர் உண்மையைச் சொல்லும். அந்த உண்மையோடு வாழ ஒரு வழியையும் யாராவது காட்ட வேண்டும். மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கையில், வங்காளதேசத்தில் சுமார் இரண்டு கோடி கிராமப்புற ஏழைகள் இன்னமும் அந்நாட்டு வரம்பை மீறிய ஆர்செனிக் கலந்த நீரையே குடிக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருந்தது. நஞ்சு கண்டறியப்பட்டு அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! அறிவியல் குறைவாக இருந்ததால் மட்டும் நேர்ந்தது அன்று இது.

இந்தப் பாடத்தை அந்தப் போட்டியும் கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். பின்னாளில், படைப்பு யாரைத் தொடும், அவர்கள் என்ன நினைக்கிறார்கள், சட்டம் என்ன சொல்கிறது, பாதுகாப்பு எப்படி என்பதையும் குழுக்கள் விளக்க வேண்டும் என்று மதிப்பீட்டு முறையிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. 2009இல் முதற்பரிசு பெற்ற கேம்பிரிட்ஜ் குழு, பல நிறங்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களை உருவாக்கியது. அவர்கள் வடிவமைப்பாளர்கள் இருவரோடு சேர்ந்து, இப்படியொரு பொருள் எதிர்காலத்தில் சாதாரண மக்கள் வாழ்க்கைக்குள் எப்படியெல்லாம் நுழையலாம் என்றும் யோசித்துப் பார்த்தார்கள்.

நம் மாணவர்கள் செய்ய வேண்டியது

கம்போங்கில் வெள்ள எச்சரிக்கை தரும் கருவி, செம்பனைத் தோட்டத் தொழிலாளருக்கான செயலி, முதியோருக்கான நினைவூட்டும் கடிகாரம் என்று நல்ல நல்ல யோசனைகளோடு நம் பிள்ளைகளும் போட்டிகளுக்குப் போகிறார்கள். போவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். அந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் வீட்டுக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குக் கைத்தொலைபேசி இருக்கிறதா? எழுத்து தெரிகிறதா? எந்த மொழியில்? கருவி 'ஆபத்து' என்று சொன்னால் அவர் அடுத்து என்ன செய்வார்? திரும்பி வரும்போது உங்கள் ஸ்லைடுகளில் பாதியை மாற்ற வேண்டியிருக்கலாம். மாற்றினால் நல்லதுதான்.

ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்று தயங்கும் மாணவர்களுக்கும் இதில் ஓர் ஆறுதல் உண்டு. கிணற்றடியை நேரில் பார்த்தவன் தட்டுத் தடுமாறிச் சொன்னாலும் கேட்பவர் காது கொடுப்பார். பார்க்காதவன் சரளமாகப் பேசினாலும் இரண்டாவது கேள்வியில் நின்றுவிடுவான். பெற்றோரும் 'பரிசு வாங்கினாயா?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், 'யாருக்காகச் செய்தாய்? அவரைப் பார்த்தாயா?' என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்.

திருக்குறளில் 65ஆவது அதிகாரம் சொல்வன்மை. அதற்கு அடுத்தது வினைத்தூய்மை. அதற்கும் அடுத்தது வினைத்திட்பம். சொல்லில் வல்லவனாவது முதல் படி. செய்யும் செயல் தூய்மையாக இருக்க வேண்டும், அதைச் செய்து முடிக்கும் உறுதியும் வேண்டும் என்று வள்ளுவர் உடனே தொடர்கிறார். போட்டி மேடை முதல் அதிகாரத்தோடு முடிந்துவிடும். எடின்பரோ மாணவர்கள் கோப்பையோடு மேடையை விட்டு இறங்கிய நாளில் அடுத்த இரண்டு அதிகாரங்களும் அவர்களுக்காகக் காத்திருந்தன. நம் பிள்ளைகளுக்கும் அவை காத்திருக்கும். மேடையேறும் முன்பே அதைச் சொல்லி அனுப்புவோம்.